டப்ளின் முதல் கார்க் வரை: ஐரிஷ் டிரை ஸ்டவுட்டின் வழித்தடம்

ஐரிஷ் டிரை ஸ்டவுட் என்பது வறுத்த பார்லியால் கறுப்பேறிய ஒரு வகை ஏல், அதாவது அறை வெப்பத்தில் புளிக்கும் பீர். அதில் இனிப்பு பெரும்பாலும் புளித்துத் தீர்ந்திருக்கும்; கசப்பு முன்னால் நிற்கும். கண்ணாடிக் கோப்பையில் பார்ப்பவர்கள் அதைக் கெட்டியான, போதை மிகுந்த பானம் என்றே நினைக்கிறார்கள். அளவுகள் சொல்வது வேறு. அதன் ஆல்கஹால் பெரும்பாலும் 4 முதல் 5 சதவீதத்துக்குள் அடங்கும். 568 மில்லி கொண்ட ஒரு பைண்டில் ஏறக்குறைய 210 கலோரி. குளிரில் புளிக்கும் பீரான லாகரில், 5 சதவீதம் கொண்டது ஒரு பைண்டில் இருப்பதைவிட அது சற்றுக் குறைவு. கறுப்பு பீர்களிலேயே இலகுவானவற்றில் இது ஒன்று.

அதன் நிறம், வறண்ட சுவை, வெண்ணெய் போன்ற நுரை ஆகிய மூன்றும் ஒரே நாளில் ஒருவர் கண்டுபிடித்தவை அல்ல. வரிச் சட்டம், வறுக்கும் கருவி, வாயு என்று வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு காரணங்கள் அவற்றைக் கொண்டுவந்து சேர்த்தன. அந்த வரலாற்றின் முக்கியமான இடங்கள் பலவும் அயர்லாந்தின் டப்ளினிலிருந்து தெற்கே செல்லும் ரயில் பாதைகளை ஒட்டியே இருக்கின்றன.

டப்ளின்: போர்ட்டரிலிருந்து ஸ்டவுட்டுக்கு

பயணம் தொடங்கும் ஹியூஸ்டன் ரயில் நிலையத்துக்குக் கிழக்கே, லிஃபி ஆற்றின் தென்கரையில் செயின்ட் ஜேம்ஸ் கேட் மதுவடிப்பாலை இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள பழைய உழைப்பாளர் குடியிருப்புக்கு லிபர்ட்டீஸ் என்று பெயர். பார்லி வறுபடும் நாட்களில் அந்தத் தெருக்களில் கருகல் வாசம் பரவும். 1759-ஆம் ஆண்டின் கடைசி நாளில் ஆர்தர் கின்னஸ் இங்கே 4 ஏக்கர் இடத்தை 9,000 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தார். ஆண்டு வாடகை 45 பவுண்டு. நிலத்தைப் பிற்பாடு நிறுவனமே வாங்கிக்கொண்டதால் அந்தக் குத்தகை இன்று காட்சிப் பொருளாக மட்டும் இருக்கிறது. கின்னஸ் ஸ்டோர்ஹவுஸ் என்ற அருங்காட்சியகத்தின் தரையில், கண்ணாடிக்குக் கீழே அதைப் பதித்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கட்டடம் 1904-இல் பீர் புளிக்கவைப்பதற்காக எஃகுச் சட்டகத்தில் எழுப்பப்பட்டது. 2000-இல் பார்வையாளர்களுக்குத் திறக்கப்பட்டது. உச்சியில் உள்ள கிராவிட்டி பாரிலிருந்து நகரமும் அதற்கப்பால் விக்லோ மலைகளும் தெரியும். ஆலைக்கு வரும் தண்ணீர் அந்த மலைப்பக்கத்திலிருந்து வருகிறது. லிஃபி ஆற்று நீரில்தான் கின்னஸ் வடிக்கப்படுகிறது என்ற பேச்சு வெறும் ஊர்க்கதை.

ஆர்தர் கின்னஸ் தொடக்கத்தில் வடித்தது சாதாரண ஏல். போர்ட்டர் என்ற கறுத்த பீர் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் பிறந்தது. தெருவிலும் ஆற்றுத்துறையிலும் சுமை தூக்கிய போர்ட்டர்கள் அதை விரும்பிக் குடித்ததால் அவர்கள் பெயரே அதற்கு நிலைத்தது. அங்கிருந்து டப்ளினுக்கு வந்து இறங்கிய போர்ட்டர் உள்ளூர் ஏலின் வியாபாரத்தைத் தின்றது. கின்னஸ் தானும் போர்ட்டர் வடிக்கத் தொடங்கினார். 1799-இல் ஏல் வடிப்பதை அடியோடு நிறுத்திவிட்டார். போர்ட்டரில் வீரியம் கூடியது 'ஸ்டவுட் போர்ட்டர்' எனப்பட்டது. நாளடைவில் பின்பாதி உதிர்ந்து ஸ்டவுட் மட்டும் மிஞ்சியது. ஆகவே ஸ்டவுட் என்பது முதலில் தனி இனம் அல்ல, போர்ட்டரில் ஒரு தரம். வீரியத்தைக் குறித்த அந்தப் பெயர் இன்று 4 சதவீதம் சொச்சம் ஆல்கஹால் கொண்ட பானத்துக்கு வழங்குகிறது.

லண்டன் போர்ட்டரின் நிறம் பழுப்பு மால்ட்டிலிருந்து வந்தது. மால்ட் என்பது நீரில் ஊறி முளைவிட்ட பார்லியை உலர்த்தி எடுத்தது. விறகுத் தீயில் கடுமையாக உலர்த்தினால் அது பழுப்பாகும். ஆனால் மாவுப் பொருளைச் சர்க்கரையாக்கும் நொதிகள் வெப்பத்தில் பெருமளவு அழிந்துவிடும். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹைட்ரோமீட்டர் என்ற அடர்த்திமானி மதுவடிப்போர் கைக்கு வந்ததும் கணக்கு வெளிப்பட்டது. வெளிர் மால்ட் விலை கூடுதல் என்றாலும் அதிலிருந்து கிடைக்கும் சர்க்கரை அதைவிடக் கூடுதல். எல்லோரும் வெளிர் மால்ட்டுக்கு மாறியதும் பீர் வெளுத்தது. எரித்த சர்க்கரை போன்ற சாயங்களைச் சேர்ப்பதற்கு 1816-இல், அயர்லாந்தையும் ஆண்ட பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தடை போட்டது. பீரில் மால்ட்டும், கசப்பு தரும் ஹாப்ஸ் பூக்களும் தவிர வேறெதுவும் கூடாது என்றது.

இந்த நெருக்கடியைத் தீர்த்தது ஓர் உருளை. 1817-இல் டேனியல் வீலர் என்பவர், காப்பிக்கொட்டை வறுப்பதுபோல மால்ட்டை உருளைக்குள் சுழற்றி வறுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அப்படி வறுத்த கறுப்பு மால்ட்டில் சிறு பங்கு போதும், பீர் முழுவதும் கறுத்துவிடும், சட்டமும் மீறப்படாது. லண்டன் ஆலைகள் இதை ஏற்றுக்கொண்டாலும் பழகிய சுவைக்காகப் பழுப்பு மால்ட்டையும் விடவில்லை. டப்ளின் ஆலைகள் பழுப்பு மால்ட்டைக் கைவிட்டு, வெளிர் மால்ட்டோடு கறுப்பு மால்ட்டை மட்டும் சேர்த்தன. ஆங்கிலேயப் போர்ட்டரில் தங்கிய ரொட்டி மணமும் மெல்லிய இனிப்பும் ஐரிஷ் பானத்தில் குறைந்தன. இரண்டும் வழி பிரிந்தது இங்கேதான்.

அடுத்த மாற்றம் 1880-இல் வந்தது. பிரிட்டிஷ் பிரதமர் கிளாட்ஸ்டன் மால்ட் மீதான வரியை நீக்கி, பீரின் மீது வரி விதித்தார். அதன்பிறகு முளைகட்டாத தானியத்தைச் சேர்ப்பதற்குத் தடை இல்லாமல் போயிற்று. மால்ட் வரியிலிருந்து தப்பிக்கத்தான் ஆர்தர் கின்னஸ் முளைகட்டாத பார்லியை வறுத்துப் போட்டார் என்றொரு கதை இன்றும் உலவுகிறது. அவர் வாழ்ந்த காலத்தில் அது சட்டப்படி குற்றம். வறுத்த பார்லியும் அவல் பார்லியும் கின்னஸின் பாகத்தில் நிலைபெற்றது 20-ஆம் நூற்றாண்டில்தான்.

19-ஆம் நூற்றாண்டின் முடிவில் செயின்ட் ஜேம்ஸ் கேட் தனி ஊர் போல விரிந்திருந்தது. உள்ளே சரக்கு இழுக்கக் குறுகிய பாதை ரயில் ஓடியது. 1886-இல் நிறுவனத்தின் பங்குகள் லண்டன் சந்தைக்கு வந்தன. அளவு பெருகப் பெருக, ஒவ்வொரு தொகுதியும் ஒரே சுவையில் இருக்கவேண்டிய கட்டாயம் ஏற்பட்டது. பல்கலைக்கழகப் பட்டதாரிகளை நிறுவனம் வேலைக்கு எடுத்தது. 1899-இல் சேர்ந்த வில்லியம் சீலி காசெட், பார்லியையும் ஹாப்ஸையும் சிறு மாதிரிகளைக் கொண்டு எப்படி நம்பகமாக மதிப்பிடுவது என்ற கேள்வியில் இறங்கினார். 1908-இல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் அவர் வெளியிட்ட கட்டுரையிலிருந்து பிறந்ததே புள்ளியியல் மாணவர்கள் இன்று படிக்கும் டி-சோதனை.

பாரோ ஆற்றங்கரை: தானியமும் பக்குவமும்

ஹியூஸ்டனிலிருந்து புறப்படும் ரயில் கில்டேரைத் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கார்க்குக்கு, மற்றது வாட்டர்ஃபோர்டுக்கு. வாட்டர்ஃபோர்டு பாதை பாரோ ஆற்றை ஒட்டி ஆதை, கார்லோ, பேக்னல்ஸ்டவுன் ஊர்கள் வழியாக இறங்குகிறது. மிதமான மழையும் குளிர்ந்த கோடையும் வாய்த்த இந்தச் சமவெளி மால்ட்டுக்கான பார்லிக்குப் பேர்பெற்றது. வசந்தத்தில் விதைத்து ஆகஸ்டு வாக்கில் அறுக்கிறார்கள். தானியத்தில் புரதம் அளவோடு இருக்கவேண்டும். மிகுந்தால் மாவுப் பொருள் குறையும், பீரும் கலங்கும். ஒரு காலத்தில் இந்தப் பக்கத்துத் தானியமும் மால்ட்டும் கிராண்ட் கால்வாய் வழியாகப் படகில் டப்ளினுக்குப் போயின. கால்வாயின் டப்ளின் துறை மதுவடிப்பாலைக்கு அருகிலேயே இருந்தது. 1960-இல் கால்வாய்ச் சரக்குப் போக்குவரத்து முடிவுக்கு வந்தது.

டிரை ஸ்டவுட்டுக்கு இந்தப் பார்லி மூன்று உருவத்தில் தேவைப்படுகிறது. பாதிக்கு மேல், அதாவது 60 முதல் 70 சதவீதம், வெளிர் மால்ட். சர்க்கரையும் அதனால் ஆல்கஹாலும் பெரும்பாலும் இதிலிருந்தே வருகின்றன. ஏறக்குறைய 20 சதவீதம் அவல் பார்லி. முளைகட்டாத தானியத்தை ஆவியில் வேகவைத்து உருளைகளுக்கிடையே தட்டையாக்கினால் கிடைப்பது அது. அதிலுள்ள பீட்டா குளுக்கன் என்ற நார்ப்பொருளும் புரதமும் மெல்லிய பானத்துக்கு வழவழப்பையும் நுரைக்கு உறுதியையும் தருகின்றன. மீதிச் சுமார் 10 சதவீதம் வறுத்த பார்லி. இதுவும் முளைகட்டாததே, 230 டிகிரி செல்சியஸ் அளவில் கருகும் எல்லைவரை வறுக்கிறார்கள். காப்பியை நினைவூட்டும் மணம், நாக்கின் ஓரத்தில் உறைக்கும் துவர்ப்பு, சற்றுப் புளிப்பு எல்லாம் இந்தப் பத்தில் ஒரு பங்கின் வேலை. நிறமும் இதிலிருந்துதான். கோப்பையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அது முழுக் கறுப்பு அல்ல, ஆழ்ந்த மாணிக்கச் சிவப்பு என்பது தெரியும்.

தானியத்தை அரைத்து, 65 டிகிரி அளவு வெந்நீரில் ஊறவைக்கும்போது மால்ட்டின் நொதிகள் மாவுப் பொருளைச் சர்க்கரையாக உடைக்கின்றன. வடித்த சாற்றை ஹாப்ஸ் பூக்களோடு கொதிக்கவைக்கிறார்கள். ஹாப்ஸைக் கொதியின் தொடக்கத்திலேயே போட்டுவிடுவதால் அதன் கசப்பு இறங்குகிறது, மணம் ஆவியோடு போய்விடுகிறது. இந்தியா பேல் ஏல் வடிப்பவர்கள் கொதி முடியும் நேரத்திலும் அதன் பிறகும் ஹாப்ஸ் சேர்ப்பது அந்த மணத்தைப் பிடித்துவைப்பதற்காக. ஸ்டவுட்டில் மூக்குக்கு எட்டுவது ஹாப்ஸ் அல்ல, வறுத்த தானியம்.

அடுத்தது ஈஸ்ட். லாகர் ஈஸ்ட் 8 முதல் 13 டிகிரி குளிரில் மெதுவாக வேலை செய்யும். ஸ்டவுட்டில் இடுவது ஏல் ஈஸ்ட். அது அறை வெப்பத்தில் சில நாட்களிலேயே புளிப்பை முடித்துவிடும். ஐரிஷ் ஆலைகள் பேணும் ஈஸ்ட் சர்க்கரையைப் பெரும்பாலும் மிச்சம் வைக்காமல் உண்ணக்கூடியது. தண்ணீரின் அடர்த்தியை 1.000 என்று கொண்டால், புளித்து முடிந்த டிரை ஸ்டவுட் 1.007-க்கும் 1.011-க்கும் இடையில் நிற்கும். இனிப்பு ஸ்டவுட் 1.020-ஐயும் தாண்டலாம். எஞ்சிய சர்க்கரை குறைவு, ஹாப்ஸ் கசப்பு கணிசம், அதன்மேல் வறுத்த தானியத்தின் கசப்பு வேறு. மூன்றும் கூடும்போது விழுங்கிய பின் வாயில் இனிப்பு தங்குவதில்லை. டிரை என்ற அடைமொழி இதைக் குறிப்பது. சர்க்கரை போடாத கடுங்காப்பி பழகிய நாக்குக்கு இது சட்டென்று பிடிபடும்.

பாரோ ஆற்றங்கரையில் உள்ள பேக்னல்ஸ்டவுனில் கார்லோ புரூயிங் கம்பெனி இருக்கிறது. 1996-இல் தொடங்கப்பட்ட இந்தச் சிறு ஆலை ஓ'ஹாராஸ் என்ற பெயரில் 4.3 சதவீத ஸ்டவுட்டை விற்கிறது. பெரிய ஆலைகளின் ஸ்டவுட்டைவிட வறுத்த மணமும் கசப்பும் இதில் தூக்கலாக இருக்கும். அதே ஆண்டு டப்ளினின் டெம்பிள் பார் பகுதியில் திறக்கப்பட்ட போர்ட்டர்ஹவுஸ், மதுவடிப்பும் பப்பும் ஒரே கூரையின் கீழ் நடத்தி, போர்ட்டரையும் சிப்பி சேர்த்த ஸ்டவுட்டையும் மீண்டும் பட்டியலுக்குக் கொண்டுவந்தது.

லிமெரிக்: வாயுவும் நுரையும்

கார்க் பாதையில் தர்ல்ஸ் ஊரைத் தாண்டினால் லிமெரிக் ஜங்ஷன். அங்கிருந்து கிளைப்பாதை லிமெரிக் நகருக்குப் போகிறது. ஸ்டவுட்டின் நுரை பற்றிய ஒரு புதிருக்கு விடை சொன்னது இந்த நகரின் பல்கலைக்கழகம்.

லாகரில் குமிழ்கள் கீழிருந்து மேலே ஏறுவது கண்ணுக்குத் தெரியும். புதிதாக ஊற்றிய ஸ்டவுட்டில் கோப்பைச் சுவரை ஒட்டிய குமிழ்கள் கீழே இறங்குவதுபோல் தெரியும். அது கண்மயக்கு அல்ல, உண்மையாகவே இறங்குகின்றன. லிமெரிக் கணிதவியலாளர்கள் 2012-இல் இதைக் கணினிக் கணக்கீட்டால் விளக்கினார்கள். பைண்ட் கோப்பை மேலே அகன்றது. குமிழ்கள் செங்குத்தாக ஏறும்போது, சாய்ந்த சுவரிலிருந்து விலகிவிடுகின்றன. சுவரை ஒட்டிக் குமிழ் குறைந்த, கனமான படலம் உருவாகிக் கீழே சரிகிறது. சிறு குமிழ்களையும் தன்னோடு இழுத்துச் செல்கிறது. நடுவில் நீரோட்டம் மேலே போகிறது. கோப்பையைத் தலைகீழ் வடிவில், மேலே குறுகலாகச் செய்தால் சுவரோரக் குமிழ்கள் மேலே ஏறும்.

குமிழ்கள் அவ்வளவு சிறியதாக இருப்பதற்குக் காரணம் நைட்ரஜன். மற்ற பெரும்பாலான பீர்களில் ஏற்றப்படுவது கரியமில வாயு மட்டுமே. நீரில் கரைந்தால் அது லேசாக அமிலமாகி நாக்கில் சுருக்கென்று குத்தும். பப்பில் ஊற்றித் தரும் டிராஃப்ட் ஸ்டவுட்டை ஏறக்குறைய 75 பங்கு நைட்ரஜனும் 25 பங்கு கரியமில வாயுவும் கலந்த வாயுவின் அழுத்தத்தில் குழாய்க்குத் தள்ளுகிறார்கள். நைட்ரஜன் நீரில் மிகக் குறைவாகவே கரையும். குழாயின் வாயில் நுண்துளைத் தகடு ஒன்று இருக்கிறது. அதன் வழியே பிதுங்கி வரும்போது கரைந்த வாயு பொடிக் குமிழ்களாக வெடித்துக் கிளம்புகிறது. நைட்ரஜன் திரும்பக் கரையாததால் சிறு குமிழ் சுருங்கிப் பெருங்குமிழ் வீங்குவது தாமதமாகிறது. நுரை கடைசி மடக்கு வரை நிற்கிறது. குத்தல் குறைவதால் கசப்பும் மழுங்கி இறங்குகிறது.

இது பழைய மரபு அல்ல. 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஐரிஷ் பப்களில் ஸ்டவுட் இரண்டு மரப்பீப்பாய்களிலிருந்து வந்தது. ஒன்றில் இன்னும் புளித்துக்கொண்டிருக்கும் இளம் பீர், மற்றதில் அடங்கிய முதிர்ந்த பீர். இளம் பீரை ஊற்றி, நுரை அடங்கும்வரை காத்திருந்து, முதிர்ந்ததால் நிரப்புவார்கள். இதற்குக் கைப்பழக்கம் வேண்டும். பீப்பாய்க்குப் பீப்பாய் சுவையும் மாறும். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்த மைக்கேல் ஆஷ் கின்னஸ் நிறுவனத்தில் இதற்கு மாற்றுத் தேடினார். நைட்ரஜன் கலந்த வாயுவோடு கெக் என்ற உலோகப் பீப்பாயில் ஸ்டவுட்டை அடைக்கும் அவருடைய முறை, ஆலையின் 200-ஆம் ஆண்டான 1959-இல் வெளிவந்தது. வீட்டுக்கு வாங்கும் டின்னிலும் அதே நுரை வரவேண்டும் என்பதற்காக, 1988-இல் நைட்ரஜன் அடைத்த சிறு பிளாஸ்டிக் கருவியை டின்னுக்குள் போடத் தொடங்கினார்கள். டின்னைத் திறந்ததும் அழுத்தம் குறைந்து, அதிலிருந்து வாயு பீச்சியடித்து நுரையைக் கிளப்புகிறது.

இரண்டு பீப்பாய்கள் போனபின்பும் இரண்டு தவணையில் ஊற்றும் வழக்கம் பப்களில் நீடிக்கிறது. கோப்பையை 45 டிகிரி சாய்த்து முக்கால் அளவு ஊற்றி வைத்துவிடுகிறார்கள். குமிழ்கள் மேலே சேர்ந்து கறுப்பும் வெளிர் பழுப்பும் தெளிவாகப் பிரிந்தபின் மீதியை நிரப்பி நுரையை விளிம்புக்கு மேலே கொண்டுவருகிறார்கள். இதற்கு 119.5 விநாடி என்று கின்னஸ் கணக்குச் சொல்கிறது. ஊற்றும் வெப்பநிலை 6 டிகிரி. எல்லா ஸ்டவுட்டும் நைட்ரஜன் ஏற்றியது என்று கொள்ளக்கூடாது. பாட்டிலில் வரும் கின்னஸ் எக்ஸ்ட்ரா ஸ்டவுட்டில் கரியமில வாயுவே இருக்கிறது. அதில் கசப்பும் வறுத்த சுவையும் கூர்மையாகத் தெரியும். ஊர்ப்புறத்து மூத்த வாடிக்கையாளர்களில் சிலர் பாட்டிலைக் குளிர்பெட்டியிலிருந்து அல்ல, அலமாரியிலிருந்தே எடுத்துத் தரச்சொல்வார்கள்.

கார்க்: போட்டிச் சுவைகள்

ஐரிஷ் ஸ்டவுட் என்றாலே கின்னஸ் என்ற எண்ணம் கார்க் நகரத்தில் எடுபடாது. இங்கே இரண்டு உள்ளூர்ப் பெயர்கள் உண்டு. பீமிஷ் அண்டு கிராஃபோர்டு 1792-இல் சவுத் மெயின் தெருவில் தொடங்கியது. 1833-இல் கின்னஸ் முந்திச் செல்லும்வரை நாட்டின் மிகப் பெரிய மதுவடிப்பாலை அதுதான். மர்ஃபிஸ் 1856-இல் லேடிஸ் வெல் என்ற இடத்தில் ஆலை கட்டியது. 1983-இல் மர்ஃபிஸையும் 2008-இல் பீமிஷையும் ஹைனெகன் நிறுவனம் வாங்கியது. 2009-இல் சவுத் மெயின் தெரு ஆலை மூடப்பட்டு இரண்டும் லேடிஸ் வெல்லில் வடிக்கப்படலாயின. மரச்சட்டங்கள் தெரியும் பீமிஷ் கணக்கறை முகப்பு மட்டும் பழைய இடத்தில் நிற்கிறது.

ஒரே ஆலையில் வடித்தாலும் சுவை ஒன்றல்ல. மர்ஃபிஸ் 4 சதவீதம். கின்னஸையும் சேர்த்து மூன்றிலும் மென்மையானது, கசப்பு குறைந்தது, காப்பியைவிடச் சாக்லேட் வாடை கூடியது. பீமிஷில் வறுத்த சுவை அழுத்தமாகவும் கசப்பு நீடிப்பதாகவும் இருக்கும். கின்னஸ் இரண்டுக்கும் நடுவில் சற்றுப் புளிப்போடு நிற்கிறது. நார்த் மாலில் 1998-இல் தொடங்கிய பிரான்சிஸ்கன் வெல் ஆலை, நகரின் புகழ்பெற்ற மணிக்கோபுரத்தின் பெயரில் ஷாண்டன் ஸ்டவுட் வடித்து நான்காவது பெயரைச் சேர்த்தது.

உறவுகளும் வேறுபாடுகளும்

கறுத்த பீர் எல்லாம் ஸ்டவுட் அல்ல. ஸ்டவுட் எல்லாம் டிரை ஸ்டவுட்டும் அல்ல. ஜெர்மனியின் ஷ்வார்ட்ஸ்பியர் நிறத்தில் இதை ஒத்திருந்தாலும் லாகர் ஈஸ்ட்டால் குளிரில் புளித்தது; வறுத்த சுவை அதில் மெல்லிய கோடாக மட்டும் இருக்கும். ஆங்கிலப் போர்ட்டரில் பழுப்பு மால்ட், சாக்லேட் மால்ட் சேர்வதால் ரொட்டி, பாகு மணங்கள் எழும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கென்ட் மாவட்டத்து மெக்கிசன் ஆலை அறிமுகப்படுத்திய மில்க் ஸ்டவுட்டில் பால் சர்க்கரையான லாக்டோஸ் சேர்கிறது. ஈஸ்ட்டால் அதை உண்ண முடியாது என்பதால் இனிப்பு அப்படியே தங்குகிறது. ஓட்ஸ் சேர்த்த ஸ்டவுட் வழவழப்பும் மெல்லிய இனிப்பும் கொண்டது. லண்டனிலிருந்து பால்டிக் துறைமுகங்களுக்கும் ரஷ்ய அரசவைக்கும் கப்பலேறிய இம்பீரியல் ஸ்டவுட் 8 முதல் 12 சதவீதம் ஆல்கஹாலும் உலர்பழ மணமும் கொண்டு, சிறு கோப்பையில் மெல்ல அருந்தும் பானம். டிரை ஸ்டவுட் பப்பில் மாலை முழுவதும் பேசிக்கொண்டு குடிப்பதற்காக அமைந்தது. அதன் மெல்லிய உடலும் குறைந்த ஆல்கஹாலும் அந்தப் பயனுக்குப் பொருந்துபவை.

வெப்ப நாடுகளில் ஸ்டவுட் என்று அறியப்படுவது பெரும்பாலும் இன்னொரு கிளை. கரீபியத் தீவுகளுக்குப் போகும் நெடும் கடற்பயணத்தில் கெடாமலிருக்க, ஹாப்ஸும் வீரியமும் கூட்டிய வெஸ்ட் இந்தியா போர்ட்டரை 1801-லேயே கின்னஸ் வடித்தது. அதன் வழித்தோன்றல் இன்றைய ஃபாரின் எக்ஸ்ட்ரா ஸ்டவுட், 7.5 சதவீதம். நைஜீரியாவிலும் மலேசியாவிலும் 1960-களிலேயே உள்ளூர் ஆலைகள் எழுந்தன. இலங்கையின் லயன் ஸ்டவுட் 8.8 சதவீதம். நுவரெலியாவில் பிரிட்டிஷ் காலத்தில் வேரூன்றிய மதுவடிப்பு மரபிலிருந்து வந்த அதைப் பீர் எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் உலக வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தினார். சாக்லேட்டும் பாகும் கலந்த அதன் இனிப்பு, நைட்ரஜன் இல்லாத குத்தல், உடனே ஏறும் போதை எல்லாமே டிரை ஸ்டவுட்டுக்கு நேர்மாறானவை. கொழும்பிலோ கோலாலம்பூரிலோ ஸ்டவுட் சுவைத்தவர் டப்ளின் கோப்பையிலும் அதே கனத்தை எதிர்பார்ப்பது இயல்பு. பெயரும் நிறமும் பொதுவானவை. தானியப் பங்கு, எஞ்சிய சர்க்கரை, ஆல்கஹால், வாயு ஆகிய நான்கும் வேறு. ஒரு ஸ்டவுட் எந்தக் கிளையைச் சேர்ந்தது என்று அறிய இந்த நான்கைப் பார்த்தால் போதும்.